இரண்டரை மணி நேரமும் ஒரு கிடாவும்

சந்தனம் என்பவரை நான் முதலில் பார்த்தபோது, சேத்தூருக்கு மேற்கே ஒரு வாய்க்காலில் மல்லாந்து கிடந்தேன். என் மலைச்சைக்கிள் எனக்கு மேலே கிடந்தது. மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் அந்த ஓரத்தில் வேறு ஆள் நடமாட்டம் இல்லை. கனத்த பழைய சைக்கிள் ஒன்றில், கைப்பிடியில் தூக்குவாளி தொங்க, ஒருவர் வந்து நின்றார். அவசரப்படாமல் ஸ்டாண்டு போட்டார். இறங்கி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார். அதை ஒரு மருத மரத்தில் சாய்த்து வைத்து, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, முன்பக்க ஃபோர்க்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைத் தூக்கினார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல சார்," என்றார்.

எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு ஓரடித் தண்ணீரில் கிடப்பவனுக்குச் சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவது என் வேலை. நான் மட்டும் எங்கும் போனதில்லை. ஆலையின் ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் இடையில் பதிவேட்டுக்கு அடியில் தத்துவப் புத்தகம் வைத்துப் படிப்பேன். காலம் என்றால் என்ன என்று படித்துக்கொண்டே, நாலு நிமிடம் தாமதமாக வந்தவனுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஓய்வு பெற்ற வருடம் சர்க்கரை வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் இருபத்தேழு கியர் உள்ள மலைச்சைக்கிள் ஒன்றை அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டுவோம். அவ்வளவு தூரம் ஓட்டியதற்காக அங்கே ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். மூன்று மாதத்தில் சர்க்கரை கூடியது. என் மனைவி பரிபூரணம் ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து என் கையில் கொடுத்து, பேசாமல் வீட்டிலேயே உட்கார்ந்து படியுங்கள், அதில் இவ்வளவு ஏறாது என்றாள். அதனால்தான் பால்கோவா கிடைக்காத திசையில், மலையடிவாரத்தில், ஓட்ட ஆரம்பித்தேன். வாய்க்காலில் விழுந்தது அதன் இரண்டாவது நாள்.

சந்தனத்துக்கு அந்தப் பாதை இருபது வருடப் பழக்கம். சோழபுரத்தில் பிறந்தவர். மகாலட்சுமியைக் கட்டிய பிறகு சேத்தூரில் குடியேறினார். வேலை சத்திரப்பட்டியில், மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகையில். போக வர முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. மெயின் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை அடிவாரத்துத் தோப்புப் பாதையிலேயே சுற்றி வருவார். ஆற்றை இரண்டு இடத்தில் கடக்க வேண்டும், நாலு கிலோமீட்டர் கூடும். அது ஒரு விளையாட்டு என்றும், அதற்கென்று வெளிநாட்டில் போட்டிகள் உண்டு என்றும் நான் ஒருநாள் சொன்னபோது, ஜெயித்தால் அவர்களுக்கு வேலைக்கு லேட்டாகப் போகலாமா என்று கேட்டார்.

அவர் ஓட்டுவதைப் பார்த்தால் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. நான் பாராட்ட வேண்டும் என்று நினைத்தே சில நாள் கவனித்துப் பார்த்தேன். முடியவில்லை. வேகம் கிடையாது. மணி அடிக்க மாட்டார். தோப்பு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் அவற்றோடு ஏதோ பேசிக்கொண்டே போவார். ஆற்றுக்குள் உருளைக் கற்கள் வரும் இடத்தில் கைப்பிடியை இறுக்காமல், சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் போகட்டும் என்பதுபோல் லேசாகப் பிடித்திருப்பார். அது போய்விடும். என்னுடையதை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பேன். அது விழுந்துவிடும். இதிலிருந்து ஒரு தத்துவம் உருவாக்கலாம்தான். உருவாக்கி ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். அடுத்த வாரம் கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு ஓட்டி, இன்னும் பலமாக விழுந்தேன்.

போன மார்கழியில் அவருடைய கொட்டகைக்குத் தானியங்கித் தறிகள் வந்தன. பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் போதும் என்றார்கள். அந்த இரண்டு பேரில் சந்தனம் இல்லை. அவருடைய மகள் திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அதே சமயத்தில்தான் அடிவாரத்துத் தோப்புக்காரர்கள் சங்கம் இரண்டு ஆள் எடுக்க முடிவு செய்தது. காட்டிலிருந்து யானைகள் இறங்கி மாமரத்தையும் தென்னையையும் முறிப்பது அதிகமாகிவிட்டது. காட்டு ஓரமாகவே தினமும் காலையும் மாலையும் ஒரு சுற்றுப் போய், கால்தடம், சாணம், சாய்ந்த வேலி எல்லாம் பார்த்து, அந்தந்தத் தோப்புக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் சத்தம் யானைக்கு ஆகாது. அந்தப் பாதையில் அது போகவும் போகாது. அதனால் கியர் வைத்த சைக்கிள் இரண்டு வாங்கினார்கள். நிரந்தர வேலை, மாதச் சம்பளம்.

சங்கத் தலைவர் ரெங்கராஜா பெரிய மாந்தோப்புக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கியர் சைக்கிள் வைத்திருக்கிற படித்த ஆள் என்று என்னைத் தேடி வந்தார். சைக்கிள் விஷயத்தில் சங்கத்துக்கு ஆலோசகராக இருக்க வேண்டும், ஆள் தேர்வுக்கு விதிமுறை எழுதித் தர வேண்டும் என்றார். இருபத்தொன்பது வருடத்தில் யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன்.

வயது நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். ஏன் நாற்பத்தைந்து என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்றை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்து, மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று வைத்து வகுத்து எடுத்த கணக்கு அது. ஆனால் தாளில் அப்படி எழுதினால் கௌரவமாக இருக்காது என்று பட்டது. "மேற்படி பாதையில் நேரில் ஓட்டிப் பார்த்து நிர்ணயிக்கப்பட்ட நேரம்" என்று எழுதி, சிவபாண்டி என்று கையெழுத்துப் போட்டேன். உண்மையில் நான் அந்தச் சுற்றை ஒரே ஒரு தடவைதான் முயன்றிருந்தேன். இரண்டாவது ஆற்றோடு சரி. அங்கே பக்கத்துத் தோப்பு ரோட்டில் தேங்காய் ஏற்றிவந்த லோடு ஆட்டோவில், தேங்காய்களோடு தேங்காயாக ஊர் வந்து சேர்ந்தேன்.

மூன்று பேர் மனுக் கொடுத்தார்கள். தளவாய்புரம் மாரிசெல்வம், இருபத்தாறு வயது, உடம்போடு ஒட்டிய சைக்கிள் பனியனும் கறுப்புக் கண்ணாடியும். ராஜபாளையத்தில் பார்சல் ஆட்டோ ஓட்டும் நவாஸ், முப்பத்து மூன்று வயது. அப்புறம் சந்தனம். சித்திரை பிறந்தால் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்த மாசியில் தேறவில்லை என்றால் என் விதிப்படி அவர் இனி மனுவே கொடுக்க முடியாது. அதை அவர் என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

தேதி குறிக்கும்போது நான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

ஒவ்வொரு மாசியிலும் சங்கம் தோப்புகளின் ஓரத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் கருப்பசாமிக்குக் கிடா வெட்டும். எல்லோரும் வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே தேர்வையும் வைத்துவிட்டால் ஒரே வேலையாகப் போய்விடும் என்றேன். ஒன்பது மணிக்குப் பூசை, பத்து மணிக்குச் சைக்கிள், பன்னிரண்டரைக்கு எல்லோரும் திரும்பியதும் பந்தி. அச்சடித்தும் கொடுத்தேன். பரிபூரணம் அதைப் படித்துப் பார்த்தாள்.

"மில்லுல போட்ட மாதிரி சாமிக்கும் ஷிப்ட் போட்டிருக்கியளா?" என்றாள்.

அந்தக் கருப்பசாமிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கோயிலைச் சுற்றி நாலு எல்லைக் கல். படையல் கறியில் ஒரு துண்டுகூடக் கல்லைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மிச்சத்தைப் புதைக்கவும் கூடாது. முன்பு ஒரு வருடம் புதைத்ததைக் கரடி வந்து தோண்டியதில் பக்கத்துத் தோப்புக் காவல்காரர் மரத்தில் ஏறி ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறார். ஆக, சமைத்தது அத்தனையும் அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகு எல்லைக்குள் இருக்கிறவர்கள் தங்கள் பங்கைச் சாப்பிடாமல் வெளியேறவும் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து மணி என்று போட்டேன். வெட்டுவதும் சமைப்பதும் என் அட்டவணையில் வெறும் இடைவெளிகளாக இருந்தன.

கிடாயிடமும் அட்டவணை இல்லை. தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அதன்பின்தான் வெட்டலாம். பூசாரி ஒன்பதரைக்குத் தெளித்தார். கிடா அவரைப் பார்த்தது. மறுபடி தெளித்தார். பக்கத்தில் இருந்தவன் வேட்டி நுனியை மென்றது. பத்தே கால், பத்தே முக்கால், பதினொன்று. யாரோ என்னமோ குற்றம் செய்திருக்கிறார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் அச்சடித்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஒப்புதல் இல்லாமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று ஒரு ஆட்டின் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்களே, நான் விதி எழுதும்போது யாருடைய ஒப்புதலைக் கேட்டேன் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று ரசித்துக்கொண்டு நின்றேனே தவிர, அதைக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

பதினொன்றே காலுக்கு மகாலட்சுமி பெண்கள் பக்கமிருந்து சொன்னார்: "வெயில்ல வச்ச வெந்நிய ஊத்துனா அது எதுக்குச் சிலுப்பும்? ஆத்துத் தண்ணி கோரியாந்து ஊத்துங்க." ஆற்றுத் தண்ணீர் வந்தது. முதல் கை தெளித்ததுமே கிடா முன்வரிசை முழுக்க நனையும்படி சிலுப்பியது.

பந்தி போடும்போது மணி ஒன்றரை. தளவாய்புரத்தில் அன்று மூன்று கல்யாணம் என்பதை நான் கவனிக்கவில்லை. தொண்ணூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள், நாற்பது பேர்தான் வந்திருந்தார்கள். வெளியே கொண்டுபோகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு கடமையும் இன்னொரு கடமையும் மோதும்போது மனிதன் என்ன செய்வான் என்பதைப் பற்றி நான் கனமான புத்தகங்கள் படித்திருக்கிறேன். தின்பான் என்று ஒன்றிலும் போடவில்லை.

ரெங்கராஜாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். எனக்குச் சர்க்கரை, ரத்தத்தில் கொழுப்பு என்றெல்லாம் சொல்லி நான் ஒரு கரண்டியில் தப்பித்தேன். நவாஸுக்குப் பூசாரி வாழைப்பழமும் தேங்காய் மூடியும் கொடுத்திருந்தார். ஹலால் விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"எனக்கு இது போதும் பூசாரி. சாமி கோவிச்சுக்காதுல்ல?" என்றான் நவாஸ்.

"சாமி கோவிக்காது. சந்தனந்தான் ஒன் எலையப் பாத்து ஏங்குதான்," என்றார் பூசாரி.

அது உண்மை. சந்தனம் இலையில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். படையல் சோற்றை மறுப்பது சாமியையே மறுப்பது மாதிரி என்று அவருக்கு நினைப்பு. இதைத் தெரிந்துகொண்டு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தொன்னைகளை ஒவ்வொன்றாக அவர் பக்கம் நகர்த்தினார்கள். மகாலட்சுமி தூரத்திலிருந்து கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். சந்தனம் இலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மாரிசெல்வம் மட்டும் சீக்கிரமாகவே எழுந்து, ஏப்பம்கூட விடாமல், சைக்கிள் பக்கம் போய்விட்டான். அவன் பங்கை எப்போது தின்றான் என்று நான் யோசித்திருக்கலாம்.

இரண்டே கால் மணிக்கு, மாசி வெயிலில், மூன்று பேரையும் புறப்பட விட்டேன். சங்கம் வாங்கிய சைக்கிள்கள் நவாஸுக்கும் சந்தனத்துக்கும், மாரிசெல்வத்துக்குச் சொந்த சைக்கிள். ஒரு கடிகாரம் ரெங்கராஜா கையில், ஒன்று என் கையில். கடைசி ஆளுக்குப் பின்னால் போய்க் கண்காணிப்பது என் பொறுப்பு. கடைசி ஆள் சந்தனம் என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் நான் இன்னொரு சைக்கிள்காரரின் வேகத்துக்கு ஈடுகொடுத்தேன்.

மாமரங்கள் பூத்திருந்தன. தோப்புக்குள் மூச்சு இழுத்தால் தொண்டையில் பூவாசம் ஒட்டியது. தோப்பு முடிந்ததும் முதல் ஆறு, முழங்கால் தண்ணீர். சந்தனம் அதில் இறங்கி ஏறினார். அவர் கியரைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, மாற்றினால் செயின் கோபித்துக்கொள்ளும் என்றார். ஆற்றைத் தாண்டியதும் கரை மேலே நாய்களின் ரகளை கேட்டது. அங்கே ஒரு தோப்பில் நாலு ராஜபாளையம் நாய்கள் உண்டு. வேலிக்கு வெளியே யார் போனாலும் படுத்த இடத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்து மூடும் ஜாதி. அவை நாலும் மாரிசெல்வத்தைக் காட்டுப் பாதையை விட்டு விலக்கி, கருவேல முள்ளுக்குள் விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்தோம். அவன் எதையோ முதுகுப் பக்கமிருந்து பிடுங்கி எறிய முயன்றுகொண்டிருந்தான். சந்தனம் நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவை இவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தோப்புக் காவல்காரர் கம்போடு ஓடி வருவதைப் பார்த்துவிட்டு நாங்கள் நகர்ந்தோம்.

அதன்பிறகு ஏற்றம். சின்ன மேடுதான். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாண்டுகிற கணவாய். இரண்டு பக்கமும் இலவமும் நாவலும். பாதையில் சரளைக் கல். நடுவழியில் சந்தனம் இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் பதினைந்து கிலோமீட்டர்.

வாந்தி எடுத்துவிட்டால் லேசாகிவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"எல்லைக்கு வெளிய எடுக்கப்படாது சார்."

எனக்குக் கோபம் வந்தது. பல வருடமாகத் தனியாக உட்கார்ந்து தர்க்கம் படித்தவனுக்கு ஒரு ஆள் கிடைத்தால் விடமாட்டான். வயிற்றுக்குள் வைத்து எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்தாயிற்றே, அதுவே கறியை வெளியே கொண்டுவந்ததுதானே, இனி எங்கே இறக்கினால் என்ன என்று கேட்டேன். அவர் மரத்தைப் பிடித்தபடியே கொஞ்சம் யோசித்தார்.

"வயித்துக்குள்ள இருக்க மட்டும் அது நான் சார். வெளிய வந்தாத்தான் கறி."

நான் எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றி என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது. இவ்வளவு சுருக்கமாக அவற்றில் இல்லை. இருந்தாலும் எனக்குச் சட்டென்று பாராட்ட வராது. நேரம் போகிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஏறி மிதித்தார். நின்றார். மறுபடி மிதித்தார். இப்படி எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் போக வேண்டிய இடத்தில்கூட, குலுங்கினால் வெளியே வந்துவிடும் என்று நடந்து இறங்கினார். கீழே இரண்டாவது ஆறு. சந்தனத்தின் பழைய பாதையில் வராதது, நான் லோடு ஆட்டோ ஏறிய இடம். அக்கரையில் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக மண்கரை. சந்தனம் தண்ணீரில் நின்றபடி அதைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டிப் பாத்தப்ப இதுல எப்படி சார் ஏறுனிய?"

தாளில் எழுதியிருந்ததை அவர் படித்திருக்கிறார். நம்பியும் இருக்கிறார்.

"மெதுவாத்தான்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு திரும்பி வந்து என்னுடையதையும் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டு நிமிடம் அதில் போயிற்று. என் கையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. உடைக்கவில்லை. நான் எந்தத் தவறையும் துணிச்சலாகச் செய்தவன் அல்ல.

கால்வாய்க் கரை வழியாக எல்லைக் கல் கண்ணில் பட்டபோது இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். சந்தனம் கல்லைத் தாண்டி நாலடி வைத்தார், சைக்கிளைக் கவனமாகப் படுக்க வைத்தார், கீழே உட்கார்ந்து வயிற்றில் இருந்ததை எல்லாம் எடுத்தார். பூசாரி எட்டிப் பார்த்து, எல்லைக்குள்தான் இருக்கிறது, பாதகமில்லை என்றார்.

நவாஸ் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் வந்து வேப்பமர நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மாரிசெல்வம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பனியனின் முதுகுப் பையே இல்லை. கிழிந்த இடத்தில் வாழை இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறான். பூசாரி அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு துண்டுதான் பூசாரி. ஓட்டி முடிச்சிட்டுப் பொறவு திங்கலாம்னு," என்றான் மாரிசெல்வம்.

"நாய்க்கு முன்னாடி சாமி பாத்திருச்சுலே," என்றார் பூசாரி. அதற்கு மேல் அவனை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரெங்கராஜா என் தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். இரண்டரை மணி நேரம். நவாஸ் தேறிவிட்டான். இன்னொரு இடத்துக்கு யாரும் தேறவில்லை, சித்திரை கழிந்து மறுபடி அறிவிக்கலாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. சந்தனத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சந்தனம் எல்லைக் கல்லில் சாய்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். செம்பை வைத்துவிட்டு மகாலட்சுமி முன்னால் வந்தார்.

"அய்யா, சித்திரையோட அவியளுக்கு நாப்பத்தஞ்சு முடியுது. பதினோரு நிமிசந்தான?"

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா நான் என்ன செய்ய? சிவபாண்டி சார் சும்மா போடல. அந்தப் பாதையில தானே ஓட்டிப் பாத்து, கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காரு. வெயில்ல, சாப்பிட்டுட்டு, அம்புட்டையும் யோசிச்சுத்தான் போட்டிருப்பாரு. என்ன சார்?" என்று ரெங்கராஜா என் பக்கம் திரும்பினார்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். இருபத்தொன்பது வருடம் நான் செய்தது அதுதான். வாசலில் நின்று கெஞ்சுகிறவனிடம் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டுவது. அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நேரத்தை நானா உண்டாக்கினேன் என்று நினைத்துக்கொள்வேன். இந்த முறை நான்தான் உண்டாக்கியிருந்தேன்.

"நான் ஓட்டல," என்றேன்.

ரெங்கராஜாவுக்குப் புரியவில்லை. "என்ன ஓட்டல?"

"அந்தச் சுற்ற. இதுக்கு முன்னாடி ரெண்டாவது ஆறு வரைக்குந்தான் போனேன். அதுக்கே நாலு தடவ விழுந்தேன். அங்கேருந்து லோடு ஆட்டோவுல வந்துட்டேன். ரெண்டரை மணிங்கிறது மேப்புல நூல் வச்சு அளந்து போட்டது."

நவாஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"சார், அந்த ரெண்டரை மணிக்குப் பயந்து எனக்கு உசுரே போயிருச்சு. நூலா?" என்றான்.

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அது வரிசையாகப் பரவி என்னிடம் வந்து நின்றது. ரெங்கராஜா தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாதது அன்று ஒரு பாக்கியம். பிறகு தாளை நாலாக மடித்தார்.

"அப்ப இந்தச் சுற்றுக்கு எம்புட்டு நேரம் ஆகும்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. தோப்பு வைத்திருக்கிறவர்கள் யாரும் தங்கள் தோப்பைத் தாண்டிப் போனதில்லை. ரெங்கராஜா நவாஸைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார்.

"மனுக் குடுத்தவுகள்ல முழுசா ஓட்டி வந்தது இவுக ரெண்டு பேருதான். வேலையும் ரெண்டுதான். இதுக்கு எதுக்குக் கடியாரம்?"

தாள் என்னிடமே திரும்பி வந்தது. ஆலோசகர் பதவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

சந்தனம் கல்லிலிருந்து எழுந்தார். என்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை. என்ன இருக்கிறது நன்றி சொல்ல? கூட்டத்தில் யாரோ தோளைத் தட்டியதற்குத் தலையசைத்துவிட்டு, சங்கத்துச் சைக்கிளைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். செயினில் மணல் ஏறியிருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மகாலட்சுமிதான் என் பக்கம் வந்தார். அழுதிருந்தார். முகத்தை ஆற்றுத் தண்ணீரில் கழுவியிருந்தார்.

"நல்ல வேள சார்," என்றார், "நீங்க சைக்கிள் ஓட்டத் தெரியாதவுகளா இருந்திய."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து பரிபூரணத்திடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். மகாலட்சுமி சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, தனக்கு அது எட்டு மாதமாகவே தெரியும் என்றாள்.

பங்குனி ஒன்றாம் தேதி சந்தனம் வேலைக்குச் சேர்ந்தார். காலைச் சுற்று அவருக்கு, மாலைச் சுற்று நவாஸுக்கு. சாப்பிடாமல், வெயிலுக்கு முன்னால் புறப்பட்டால், அவருக்கு அந்தச் சுற்றுக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆகிறது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.